நீரடி ஒளிப்படக் கருவியின் வளர்ச்சி: ஒரு வரலாற்று நோக்கு

மிக நீண்ட காலமாகக் கடலடி பற்றிய மனிதனின் அறிவு பிறர் சொல்லை நம்பிய அறிவாகவே இருந்து வந்தது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடி மூச்சை அடக்கி, கல்லின் துணையுடன் கீழே இறங்கினான். கைக்கெட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்தான். அவன் கொணர்ந்த சிப்பிகளைத் தோணியில் இருந்தோர் எண்ணிப் பார்த்தனர். ஆனால், அச்சிப்பிகள் கிடந்த பாரினை அவன் ஒருவனே கண்டான். அவன் சொல்லை ஏற்பதோ மறுப்பதோ அன்றி ஏனையோர் செய்யக்கூடியது வேறொன்றும் இருக்கவில்லை.

கண்டவனின் சொல்லைக் காணாதவனும் சோதித்துப் பார்க்கத்தக்க சான்றாக மாற்றியது நீரடி ஒளிப்படமாகும். இம்மாற்றம் எளிதாக நிகழ்ந்ததன்று. தரையிற் பயன்பட்ட கமராவை ஒரு பெட்டியில் இட்டு நீரில் இறக்கிவிட்டால் போதும் என எண்ணியவர் எவரும் வெற்றி பெற்றிலர். எத்தகைய கருவியைத் தெரிவது, அதனை எவ்வாறு கையாள்வது என்னும் வினாக்களுக்குக் கடலே முதலில் விடை கூறிற்று. அவ்விடைக்கு இணங்கவே மனிதன் தன் கருவியைத் திருத்தியமைத்தான். 1856ஆம் ஆண்டு முதல் இன்று வரையுள்ள நீரடி ஒளிப்பட வரலாறு இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

கடல் விதித்த தடைகள்

வரலாற்றினுட் புகுமுன், கருவியை அமைத்தோர் எதிர்நோக்கிய தடைகள் எவையென அறிந்துகொள்ளுதல் வேண்டும். முதலாவது தடை அமுக்கமாகும். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் மேலதிகமாகச் சேர்கின்றது. மேற்பரப்பில் மூடப்பட்ட ஒரு பெட்டியை 40 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுசென்றால், அதன் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பையும் ஏறத்தாழ 4 கிலோகிராம் நிறை அழுத்தி நிற்கும். மூடியின் விளிம்பில் ஒரு மயிரிழை கிடந்தாலும் அவ்வழியே நீர் உட்புகுந்துவிடும்.

இரண்டாவது ஒளிமுறிவு. நீரிலிருந்து தட்டையான கண்ணாடியூடாகப் பெட்டியிலுள்ள வளியினுட் புகும் ஒளிக்கதிர் வளைகின்றது. இதனாற் பொருள்கள் தம் உண்மைத் தூரத்தின் முக்காற் பங்கில் நிற்பனபோலவும் மூன்றிலொரு பங்கு பெரியனபோலவும் தோன்றும். வில்லையின் பார்வைக் கோணமும் அந்த அளவுக்குக் குறுகிவிடும்.

மூன்றாவது ஒளியின் இழப்பு. நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. முதலில் மறைவது சிவப்பு. பின்னர் செம்மஞ்சளும் மஞ்சளும் மங்குகின்றன. ஈற்றில் நீலமும் பச்சையுமே எஞ்சுகின்றன. 20 மீற்றருக்குக் கீழே சுழியோடியின் காயத்திலிருந்து வடியும் குருதியும் பசுமை கலந்த கருமையாகத் தெரியும். இதற்கு மேலாக, நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்து காட்சியை மூடுபனி போல மறைக்கின்றன.

இத்தடைகளுள் முதலாவதைப் பெட்டியின் உறுதியால் வெல்லலாம். ஏனைய இரண்டையும் தணிக்க நீரடி ஒளிப்படக்காரர் கண்ட முதன்மையான வழி ஒன்றே: வில்லைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீரின் அளவைக் குறைத்தல். அதாவது, பொருளை அணுகிச் செல்லுதல். பின்வந்த கருவிகள் பலவற்றின் அமைப்பை இந்த அணுகலின் தேவையே தீர்மானித்தது.

தொடக்க முயற்சிகள்

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் குடாவில் வில்லியம் தொம்சன் என்னும் வழக்கறிஞர் முதலாவது நீரடி ஒளிப்படத்தை எடுத்தார். இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், முன்புறத்திற் கண்ணாடி பொருத்திய பெட்டியொன்றினுள் கமராவை வைத்து, படகிலிருந்து ஏறத்தாழ 18 அடி ஆழத்துக்கு இறக்கினார். கண்ணாடியை மறைத்த பலகையைக் கயிற்றினால் இழுத்துத் திறந்து, பத்து நிமிட நேரம் ஒளிபடவிட்டார். பெட்டியினுள் கடல்நீர் புகுந்துவிட்டது. ஆயினும், கொலோடியன் பூசிய தகட்டிற் பாறைகளும் கடற்பாசிகளும் மங்கலாகப் பதிந்திருந்தன. பாலங்களினதும் துறைமுகங்களினதும் நீரடித் தூண்களைச் சோதிக்க இம்முறை பயன்படலாம் என்பதே அவர் கண்ட பயன். அவர் தாம் கடலில் இறங்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கருவி கீழேயும் கண் மேலேயும் இருந்தன. எதைப் படம்பிடிப்பது என்பதைத் தொம்சன் தெரிந்தாரல்லர். கயிறு சென்று நின்ற இடமே அதனைத் தீர்மானித்தது.

இதற்கு மறுதலையான ஒரு முயற்சி அடுத்த பத்தாண்டிற்குள் இலங்கையில் நிகழ்ந்தது. 1864, 1865ஆம் ஆண்டுகளில் இங்கு தங்கியிருந்த ஒஸ்திரியப் பிரபு ஒயிகன் பொன் றான்சொனே, கண்ணாடிச் சாளரம் பொருத்திய சிறிய சுழியோடு மணியொன்றினுள் அமர்ந்து காலிக் கடலில் இறங்கி, தாம் கண்ட முருகைக்கற் காட்சிகளை நீருக்கடியிலேயே வரைந்தார். இலங்கை பற்றிய அவரது நூல் 1867ஆம் ஆண்டு வியன்னாவில் வெளிவந்தது. தொம்சனிடம் கருவி இருந்தது, கடலடியில் கண் இருக்கவில்லை. றான்சொனேயிடம் கடலடியிற் கண் இருந்தது, அதன் காட்சியைத் தானாகப் பதிக்கும் கருவி இருக்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றுசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

பூத்தானின் பணி

அவ்வாறு ஒன்றுசேர்த்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் லூயி பூத்தான். மத்தியதரைக் கரையில் பனியூல்ஸ் என்னும் ஊரிலுள்ள ஆராகோ ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், தலைக்கவசம் பொருந்திய சுழியோடி உடையை அணிந்து தாமே கடலில் இறங்கினார். அங்கு கண்ட காட்சியைச் சொற்களால் விளக்க முடியாதிருந்தமையே அவரை ஒளிப்படத்தின்பால் திருப்பிற்று. 1893ஆம் ஆண்டு, பொறியியலாளரான அவருடைய சகோதரர் ஓகுஸ்த் அமைத்துக் கொடுத்த பெட்டியுடன் அவர் தம் பணியைத் தொடங்கினார். ஜெலற்றின் உலர்தகடுகள் அதற்குள் வழக்கிற்கு வந்திருந்தமை அவருக்குப் பெருந்துணையாயிற்று.

அப்பெட்டியின் அமைப்பு நுண்ணறிவு வாய்ந்தது. வளி நிரம்பிய இறப்பர்ப் பையொன்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஆழம் கூடக் கூட நீர் அப்பையை அமுக்கும்; பையிலுள்ள வளி பெட்டியினுட் சென்று உள்ளமுக்கத்தையும் வெளியமுக்கத்தையும் சமப்படுத்தும். கடலை வலிமையால் எதிர்ப்பதற்குப் பதிலாக அதன் வலிமையையே துணைக்கொண்ட வழி இதுவாகும்.

எனினும், ஒளியின்மை எஞ்சி நின்றது. இயற்கை ஒளியில் ஒரு படத்துக்கு முப்பது நிமிடம் வரை ஒளிபடவிட வேண்டியிருந்தது. அசையாத பாறை அவ்வளவு நேரம் காத்திருக்கும், மீன் காத்திருக்குமா? எனவே செயற்கை ஒளி தேவைப்பட்டது. ஒட்சிசன் நிரப்பிய கண்ணாடிக் குடுவையினுள் மகனீசியத்தை மின்னோட்டத்தால் எரிக்கும் விளக்கொன்றை ஷோஃபூர் என்னும் மின்பொறியியலாளர் ஆக்கினார். அது நம்பத்தக்கதாக அமையாமையால், பெரிய பீப்பாயொன்றின் மேல் அற்ககோல் விளக்கைப் பொருத்தி, இறப்பர்க் குமிழை அழுத்தி மகனீசியத் தூளைச் சுடரில் ஊதும் முறை பின்னர் கையாளப்பட்டது. 1899ஆம் ஆண்டளவில் மின்வில் விளக்குகளின் துணையோடு 50 மீற்றர் ஆழத்திற் படம்பிடிக்கும் நிலையை அவர் எய்தினார். ருமேனிய உயிரியலாளர் எமில் றாக்கோவித்சா சுழியோடி உடையுடன் கடலடியில் நிற்கும் புகழ்பெற்ற படமும் இவ்வாண்டுக்குரியதே. 1900ஆம் ஆண்டு பூத்தான் வெளியிட்ட நூல் நீரடி ஒளிப்படக்கலை பற்றிய முதல் நூலாகக் கொள்ளப்படுகின்றது. அவரது கருவிகளை இயக்கப் படகும், கிரேன் போன்ற பொறியும், பலர் உழைப்பும் வேண்டியிருந்தன. ஆய்வுகூடமொன்றின் துணையின்றித் தனிமனிதன் கையாளக்கூடிய கருவி அதுவன்று.

நிறத்திற்காக ஒரு விபத்து

கறுப்பு வெள்ளைப் படம் உருவத்தைக் காட்டிற்று. ஆனால் நிறத்தாலேயே இனங்காணப்படும் முருகைக்கல் மீன்களை ஆராய்ந்தோருக்கு அது போதவில்லை. 1926ஆம் ஆண்டு உயிரியலாளர் டபிள்யூ. எச். லோங்லியும், நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் ஒளிப்படக்காரர் சாள்ஸ் மாட்டினும் புளோரிடாவுக்கு அப்பாலுள்ள டிறை தோர்த்துகாஸ் தீவுகளில் முதலாவது நீரடி வர்ணப் படங்களை எடுத்தனர். அன்றைய ஓட்டோகுரோம் தகடுகள் ஒளிக்கு மிக மந்தமாகவே இணங்குவன. அத்தகடுகளின் உணர்திறனைச் சிறப்பு முறையால் உயர்த்திய பின்னரும், கதிரவன் ஒளி போதவில்லை. ஆகவே, மிதவையொன்றில் மகனீசியத் தூளை வைத்து, சுழியோடி கமராவை இயக்கும் அதே கணத்தில் மின்கம்பி வழியே அது வெடிக்குமாறு செய்தனர். ஒருமுறை தூள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, லோங்லி கடுமையான எரிகாயங்களுக்கு உள்ளானார். 1927ஆம் ஆண்டு சனவரி இதழில் வெளியான அவ்வர்ணப் படங்களின் பின்னால் இத்துன்பம் மறைந்திருந்தது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. விளக்கொளி காட்டும் சிவப்பு அந்த ஆழத்தில் இயல்பாகக் காணப்படாத ஒன்று. அவ்வாறாயின் அப்படம் உண்மையானதா? மீனின் உடலில் உள்ள நிறத்தை அறிய விரும்பும் விலங்கியலாளனுக்கு அது உண்மை. அம்மீன் வாழும் உலகின் தோற்றத்தை அறிய விரும்புபவனுக்கு அது முழு உண்மையன்று. கருவித் தெரிவு என்பது இவ்வாறு எந்த உண்மையைக் காட்டுவது என்னும் தெரிவாகவும் அமைகின்றது. இன்று விளக்கைப் பயன்படுத்துவோரும் இவ்வினாவினின்று விடுபட்டாரல்லர்.

சுழியோடியின் விடுதலை

தலைக்கவசமும் வளிக்குழாயும் சுழியோடியைப் படகுடன் பிணைத்திருந்தன. அவன் கடலடியில் நடந்தான், நீந்தவில்லை. 1939ஆம் ஆண்டு கரிபியன் கடலில், மூச்சடக்கி மூழ்கியே படம்பிடித்த ஒஸ்திரிய இளைஞர் ஹான்ஸ் ஹாஸ், 1942ஆம் ஆண்டு ஏஜியன் கடலில் ஒட்சிசன் மீள்சுவாசக் கருவியைப் பயன்படுத்தினார். குமிழிகளை வெளிவிடாத அக்கருவி மீன்களை அச்சுறுத்தவில்லை. 1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கான்யானும் ஆக்கிய அக்குவாலங் என்னும் சுவாசக் கருவி, போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. சுழியோடி மீனைப்போல் எத்திசையும் திரும்பக்கூடியவன் ஆனான். அவனது கமராவும் இனிக் கையில் அடங்குவதாக இருத்தல் வேண்டியதாயிற்று.

இத்தேவையை நிறைவுசெய்த கருவிகளுள் ஹாஸின் துணையுடன் ஜேர்மனியில் ஆக்கப்பெற்று 1954ஆம் ஆண்டு வெளிவந்த றொலைமரின் முக்கியமானது. இது றொலைஃபிளெக்ஸ் கமராவுக்கென அமைக்கப்பட்ட உலோகப் பெட்டியாகும். காட்சியைக் கண்ணாடித் திரையிற் பார்த்துத் தெளிவுபடுத்தும் வசதி இதில் இருந்தது. ஒரு படச்சுருளில் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம் என்பதனால், ஒவ்வொரு படத்தையும் எண்ணித் துணிந்தே எடுக்க வேண்டியிருந்தது.

ஒளித்துறையிலும் இக்காலத்தில் பெருமாற்றம் நிகழ்ந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் ஹரல்ட் எட்ஜேற்றன் விருத்தி செய்த இலத்திரன் மின்னல்விளக்கு, ஒரு முறை எரிந்ததும் எறியவேண்டிய குமிழ் விளக்குகளைப் போலன்றி, மீண்டும் மீண்டும் பயன்படக்கூடியது. 1953ஆம் ஆண்டு முதல் கூஸ்தோவின் கலிப்சோ கப்பலிற் பணியாற்றிய அவர், 1956ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தின் றொமான்ஷ் அகழியில் 7000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்குக் கமராவையும் விளக்கையும் இறக்கிப் படம்பெற்றார். கப்பல் மாலுமிகள் அவரை அன்புடன் ‘பாப்பா பிளாஷ்’ என அழைத்தனர்.

ஆனால், விளக்கின் வலிமை மட்டும் போதாது என்பதைச் சுழியோடிகள் விரைவில் உணர்ந்தனர். வில்லைக்கு அருகே விளக்கைப் பொருத்தினால், இடையிலுள்ள துகள்கள் ஒளியைத் திருப்பியனுப்பி, படம் முழுவதும் பனி பெய்தாற்போலாக்கிவிடும். எனவே நீண்ட கைகளின் நுனியில் விளக்கைப் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளியைச் செலுத்தும் முறை நிலைபெற்றது. இன்று நீரடிக் கமராக்களின் இருபுறமும் நண்டின் கால்கள்போல் நீண்டு நிற்கும் கைகளின் காரணம் இதுவே.

பெட்டியா, கமராவா?

இதுவரை கூறிய கருவிகள் யாவும் தரைக் கமராவைப் பெட்டியில் அடைத்தவையே. கமராவையே நீர்புகாததாக ஆக்கினால் என்ன என்னும் சிந்தனையைச் செயற்படுத்தியவர் பெல்ஜியப் பொறியியலாளர் ஜீன் டி வூத்தேர்ஸ். கூஸ்தோவின் குழுவினருக்காக அவர் ஆக்கிய கலிப்சோ கமரா 1960களின் தொடக்கத்திற் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அதன் உரிமையைப் பெற்ற யப்பானின் நிக்கோன் நிறுவனம் 1963ஆம் ஆண்டு நிக்கோனோஸ் என்னும் பெயரில் அதனை வெளியிட்டது. வட்டமான இறப்பர் வளையங்களே நீரைத் தடுத்தன. கழுத்தில் மாட்டிக்கொண்டு 50 மீற்றர் வரை செல்லத்தக்க அக்கருவி, ஒளிப்படத்தை ஆய்வுகூடங்களினின்றும் விடுவித்துத் தனிமனிதன் கையில் ஒப்படைத்தது.

எனினும், இச்சிறுமைக்கு ஒரு விலை இருந்தது. வில்லையூடாகக் காட்சியைப் பார்க்கும் வசதி அதில் இருக்கவில்லை. தூரத்தைக் கண்ணால் மதித்து, கையால் அளவுகோலைத் திருப்ப வேண்டும். ஒளிமுறிவினால் கண்ணும் வில்லையும் ஒரே வகையில் ஏமாறுவதால், தோன்றும் தூரத்தையே அளவுகோலில் வைக்க வேண்டும் என்பதைப் புதியவர் பலர் படங்களை இழந்தே கற்றனர். நீருக்கென்றே வடிவமைத்த 15 மில்லிமீற்றர் வில்லை இக்கருவிக்குக் கிடைத்தபோது, நீரடிப் படங்களின் தன்மையே மாறியது. அகன்ற வில்லை தரையிற் பரந்த காட்சியை அடக்கப் பயன்படும். நீரிலோ, பெரிய பொருளையும் மிக அணுகி நின்று முழுமையாகப் பதிக்கப் பயன்படுகின்றது. இடைநீர் குறையவே தெளிவும் நிறமும் கூடுகின்றன.

1984ஆம் ஆண்டு வெளியான நிக்கோனோஸ் V நீண்டகாலம் சுழியோடிகளின் விருப்பிற்குரிய கருவியாக விளங்கிற்று. எனினும், 2001ஆம் ஆண்டு இவ்வரிசையின் உற்பத்தி நின்றது. இலக்கமுறைக் கமராக்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறத் தொடங்கிய காலத்தில், கமராவை மாற்றிப் புதிய பெட்டியில் இடும் பழைய முறையே மீண்டும் மேலோங்கியது. தொம்சனின் பெட்டி 1856இல் ஒழுகிற்று. ஆனால் அவர் தெரிந்த வழி தோற்கவில்லை. முப்பத்தாறு படங்களுடன் கரையேற வேண்டிய நிலையும் மறைந்து, எடுத்த படத்தை நீருக்கடியிலேயே பார்த்துத் திருத்தும் வாய்ப்பு உண்டாயிற்று. அமுக்கம், ஒளிமுறிவு, ஒளியிழப்பு ஆகியவையோ மாறவில்லை. இன்றும் பெட்டியை மூடுமுன் வளையத்திற் படிந்த மணலைத் துடைப்பவனே படத்துடன் மீள்கின்றான்.

இலங்கைக் கடலில் ஒளிப்படச் சான்று

1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இக்கருவிகளை நம் கடல்களில் பயன்படுத்தினர். 1961ஆம் ஆண்டு மகா இராவணன் கோட்டை எனப்படும் தென்கீழ்க் கடற்பாறைகளருகே வெள்ளி நாணயங்களுடன் கிடந்த கப்பற் சிதைவைக் கண்டவர்கள், புதையல் தேடிச் சென்றோரல்லர். கடலடியிற் படம்பிடிக்கச் சென்ற வில்சனும் அவருடன் சென்ற சிறுவருமேயாவர். வில்சன் நெறிப்படுத்திய ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்களத் திரைப்படம் 1962ஆம் ஆண்டு நீரடிக் காட்சிகளை வர்ணத்தில் நம் மக்களுக்குக் காட்டிற்று.

இவற்றினும் முக்கியமானது திருகோணமலையிற் கிடைத்த சான்றாகும். 1620களிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் கற்கள் கடலில் வீழ்ந்து கிடக்கின்றன என்பது வழிவழி வந்த செய்தி. 1956ஆம் ஆண்டு சுவாமி மலையடியில் மூழ்கிய கிளார்க்கும் வில்சனும் செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கண்டனர். 1957ஆம் ஆண்டு கிளார்க் வெளியிட்ட, வில்சனின் ஒளிப்படங்கள் இடம்பெற்ற நூல் இதனை உலகறியச் செய்தது. நம்பிக்கையாக இருந்த ஒன்று, ஆராயத்தக்க பொருளாயிற்று.

ஆயினும், வரலாற்று மாணவன் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். செதுக்கிய தூண் கடலில் உள்ளது என்பதை ஒளிப்படம் நிறுவும்; அது எக்காலத்தது, எவ்வாறு அங்கு வந்தது என்பதைத் தானாகக் கூறாது. அளவுகோலும், ஆழமும், திசையும், நாளும் குறிக்கப்படாத படம் வியப்பை விளைக்குமேயன்றி, சான்றின் முழுப் பயனையும் தராது. ஒளிமுறிவு பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் நீரில், அளவுகோலின்றி எடுத்த படம் ஒரு தூணின் பருமனைக்கூட உறுதியாகக் கூறமாட்டாது. இதனாலேயே நீரடித் தொல்லியலாளர் சிறந்த கமராவுக்கு இணையாக, கோடிட்ட அளவுகோலையும் குறிப்பேட்டையும் போற்றுகின்றனர்.

இக்கருத்து கடந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1998ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமடைந்தமையால் இலங்கையின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி இறந்தன. இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்ப் பகுதியிலும் அழிவு கடுமையாயிருந்தது. அதற்கு முன் எடுத்த படங்கள் அழகுக்காக எடுக்கப்பட்டவையாயினும், இன்று அவை இழந்ததை அளக்கும் ஆவணங்களாயுள்ளன. றான்சொனே காலிக் கடலில் வரைந்த ஓவியங்களுக்கும் இப்பெறுமதி உண்டு.

முடிவுரை

நீரடி ஒளிப்படக் கருவியின் வரலாறு, கருவி படிப்படியாகச் சிறந்து வந்த கதை மட்டுமன்று. தொம்சன் கண்ணின்றிக் கருவியை அனுப்பினார். பூத்தான் கருவியுடன் தாமும் இறங்கினார். லோங்லி நிறத்துக்காகத் தீக்காயம் பட்டார். டி வூத்தேர்ஸ் அணுகிச் செல்வதை எளிதாக்கினார். ஒவ்வொருவரும் ஒன்றைப் பெறும்பொருட்டுப் பிறிதொன்றை விட்டுக்கொடுத்தனர். இன்று ஒரு மாணவன் கையில் ஏந்தும் கருவி பூத்தானுக்குக் கிட்டியதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆயினும், பொருளை அணுகுதல், ஒளியைச் சாய்வாகச் செலுத்துதல், ஆழத்தையும் நாளையும் குறித்து வைத்தல் ஆகிய மூன்றையும் கருவி அவனுக்காகச் செய்துவிடாது. முத்துக்குளித்த சுழியோடியின் சொல்லை ஏற்பதா மறுப்பதா எனத் தோணியில் இருந்தோர் மயங்கினர். இன்றைய சுழியோடியின் படத்தைப் பின்வருவோர் மயக்கமின்றி ஏற்க வேண்டுமாயின், அதற்குரிய பொறுப்பு கமராவினுடையதன்று. அதனை ஏந்திச் செல்பவனுடையதேயாகும்.